அல்டிமேட் டிஸ்க்: எது புள்ளி, எது புள்ளி இல்லை? புதியவர்களுக்குப் படிப்படியாக

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு அல்டிமேட் டிஸ்க் ஆடச் சொல்லித் தருகிறேன். தட்டு போன்ற பிளாஸ்டிக் டிஸ்க்கை வீசிப் பிடித்து இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம் இது. வீசவும் பிடிக்கவும் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். எது புள்ளி என்பதில்தான் மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். காரணம், எல்லோரும் கபடி பார்த்து வளர்ந்தவர்கள். பாடிப் போனவர் எத்தனை பேர் இழுத்துப் பிடித்தாலும், விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் தப்பித்தார். டிஸ்க்கில் இது தலைகீழ். உடம்பெல்லாம் புள்ளிக் கட்டத்துக்கு உள்ளே இருந்து குதிகால் மட்டும் கோட்டில் இருந்தாலும் புள்ளி கிடையாது.

முதலில் கோடு

உலக டிஸ்க் கூட்டமைப்பின் விதிப்படி களம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டம். அதுதான் எண்ட் ஸோன். நடுவில் மிச்சம் 64 மீட்டர். பக்கத்துக்கு ஏழு பேர், டிஸ்க்கின் எடை 175 கிராம்.

கிரிக்கெட் ஆடுகிறவர்களோடு பங்கு போட்டுக்கொள்கிற நம் ஊர் மைதானத்தில் இவ்வளவு இடம் கிடைக்காது. கடற்கரை ஆட்டத்தின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: 75க்கு 25 மீட்டர், எண்ட் ஸோன் 15 மீட்டர், பக்கத்துக்கு ஐந்து பேர். கோலப்பொடியோ சுண்ணாம்புத் தூளோ போதும். ஆனால் கோட்டை அழுத்தமாகப் போடுங்கள். முனைகளில் தொப்பியை வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் வாக்குவாதம் வரும்.

எண்ட் ஸோனைச் சுற்றி நான்கு கோடுகள் உண்டு. அந்த நான்கில் ஒன்றுகூட எண்ட் ஸோனுக்குச் சொந்தமில்லை. இரண்டு பக்கக் கோடுகளும் பின்கோடும் வெளி. முன்னால் இருக்கும் கோல் கோடு நடுக்களத்தைச் சேர்ந்தது.

ஆட்டம் நகரும் விதம்

இரண்டு அணியும் தங்கள் கோல் கோட்டில் வரிசையாக நிற்க, ஓர் அணி டிஸ்க்கை எதிர்ப்பக்கம் நீளமாக வீசித் தொடங்கும். இதற்கு ‘புல்’ என்று பெயர். டிஸ்க் கையில் இருப்பவர் ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றி, மறு காலைத் திருப்பிக்கொண்டு, எந்தத் திசையிலும் பாஸ் கொடுக்கலாம். எதிரே காவல் நிற்பவர் நொடிக்கு ஒன்றாகச் சத்தமாக எண்ணுவார். பத்து என்று சொல்லத் தொடங்குவதற்குள் டிஸ்க் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பத்து ஆகிவிட்டாலோ, கீழே விழுந்தாலோ, வெளியே போனாலோ, எதிரணி மறித்தாலோ டிஸ்க் கை மாறும். அவ்வளவுதான். அதற்காக யாருக்கும் புள்ளி கூடாது, குறையாது.

புள்ளி விழும் நொடி

நீங்கள் எந்த எண்ட் ஸோனை நோக்கி ஆடுகிறீர்களோ, அதற்குள் பாஸைப் பிடித்தால் ஒரு புள்ளி. பிடிக்கும்போது கால் தரையில் இருந்தால், தரையைத் தொடுகிற எல்லாம் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். தாவிப் பிடித்தால், பிடித்த பின் முதலில் தரையில் படுவதுதான் கணக்கு. ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டு, அடுத்த கால் கோட்டுக்கு வெளியே போனால் புள்ளி நிற்கும். இரண்டு காலும் ஒரே சமயத்தில் இறங்கி, ஒன்று கோட்டில் பட்டால் நிற்காது. விழுந்து புரளும் வேகத்தில் டிஸ்க் கையை விட்டு நழுவினாலும் புள்ளி இல்லை.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று. நடுக்களத்தில் டிஸ்க்கைப் பிடித்துவிட்டு, ஓடிய வேகத்தில் எண்ட் ஸோனுக்குள் போய் நிற்பார்கள். கூட வந்தவர்கள் கைதட்டிவிடுவார்கள். அது புள்ளி அல்ல. அவர் கோல் கோட்டுக்குத் திரும்பி வந்து, அங்கே கால் ஊன்றி, உள்ளே இருக்கும் இன்னொருவருக்குப் பாஸ் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று அபூர்வமாக நடக்கும், பார்க்க அவ்வளவு அழகு. எதிரணி தன் எண்ட் ஸோனிலேயே பாஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் பாய்ந்து அதை அங்கேயே மறித்துப் பிடித்தால் நேராக உங்களுக்குப் புள்ளி. ஹென்றி காலஹன் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் நினைவாக இதைக் காலஹன் என்கிறார்கள்.

புள்ளிக்குப் பிறகு

புள்ளி எடுத்த அணி அங்கேயே நிற்கும், எதிரணி நடந்து மறுமுனைக்குப் போகும். எடுத்தவர்கள்தான் அடுத்த புல் வீச வேண்டும். அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் திசை மாறுகிறது.

இதன் அருமை ஆடி மாதம் ஆடினால்தான் தெரியும். மேற்கிலிருந்து காற்று தள்ளும்போது கிழக்கு நோக்கி ஆடுவது சுலபம். அப்படி எடுத்த அணி அடுத்து காற்றை எதிர்த்து ஆட வேண்டும், சுலபப் பக்கம் எதிரணிக்குப் போய்விடும். அதனால் புள்ளிகள் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். நடுவில் ஓர் அணி காற்றை எதிர்த்து ஒன்று எடுத்துவிட்டால், அடுத்த முறை காற்று அவர்கள் பக்கம்தான். அடுத்தடுத்து இரண்டு எடுக்க வழி திறக்கிறது. என் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன்: காற்றை எதிர்த்து எடுப்பது புத்தகத்தில் ஒன்று, ஆட்டத்தில் இரண்டு.

எண்ணிக்கைக்கு நாங்கள் பலகை வைப்பதில்லை. இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு பிடி புளியங்கொட்டை. புள்ளிக்கு ஒரு கொட்டை. புல் வீசும் முன் இரண்டு எண்ணையும் உரக்கச் சொல்லுங்கள், பிறகு தகராறு வராது.

எப்போது முடியும்?

15 முதலில் எடுப்பவர் வென்றார். ஓர் அணி 8 எடுத்ததும் இடைவேளை. இரண்டு புள்ளி வித்தியாசம் தேவையில்லை, 15-14 போதும். நேர வரம்பு 100 நிமிடம். மணி அடித்ததும் ஆட்டத்தை அறுத்துவிடக் கூடாது, நடக்கிற புள்ளியை முடிக்க வேண்டும். அப்போது 11-10 என்றால், கூடுதலான எண்ணோடு ஒன்றைச் சேர்த்து 12 புதிய இலக்கு. வெயில் ஏறும் முன் முடிக்க நாங்கள் 7 வரை மட்டும் ஆடுகிறோம். தொடங்கும் முன்பே பேசிக்கொண்டால் சரி.

நடுவர் இல்லை

உலகப் போட்டிகளிலும் விதியைச் சொல்வது ஆட்டக்காரர்களே. பிடித்தவரின் காலைச் சரியாகப் பார்க்கும் இடத்தில் இருந்தவர் சொல்ல வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துவராவிட்டால், சர்ச்சையில்லாமல் டிஸ்க்கைக் கடைசியாக வைத்திருந்து வீசியவரிடமே அது திரும்பும், அங்கிருந்து ஆட்டம் தொடரும்.

போன மாதம் 6-6 என்று இருந்தபோது ஒரு பெண் ஓரத்தில் தாவிப் பிடித்தாள். அவள் அணி குதித்துக் கூச்சல் போட்டது. எதிரணியில் யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை. அவளே எழுந்து, “கோட்ட மிதிச்சுட்டேன்ணா, வெளிய” என்று டிஸ்க்கைக் கீழே வைத்தாள். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அப்புறம், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு ‘ஸ்பிரிட்’ மதிப்பெண் போட வேண்டும். விதி அறிவு, உடல் மோதல் தவிர்த்தல், நியாயமான மனம், நல்ல மனப்பாங்கும் நிதானமும், பேச்சுத் தொடர்பு என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 20. எல்லாவற்றிலும் 2 வாங்கி 10 வந்தாலே நல்ல ஆட்டம்தான், குறைவு என்று பிள்ளைகள் வாடிவிடாமல் முன்பே சொல்லிவையுங்கள். அன்று அந்தப் பெண்ணின் அணிக்கு நியாய மனத்தில் 4 போட்டிருந்தார்கள்.