கட்டாய மருத்துவக் காப்பீடு பற்றி வாதாடும் முன்

அமெரிக்காவில் எல்லோரும் மருத்துவக் காப்பீடு வாங்கியே ஆக வேண்டுமா என்று வாதாடும் முன், சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2010-ல் ஒபாமா ஆட்சி கட்டாயமாக்கியது, 2012-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், காப்பீடு வாங்காதவர்களுக்கான அபராதத்தை வரியாகக் கருதி ஏற்றது, 2017-ல் வந்த வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் மட்டும் தனி அபராதம் உண்டு.

அப்புறம், ‘என் பணம், என் இஷ்டம்’ என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ஏற்கெனவே நோய் இருப்பவரைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக் கூடாது என்ற விதி வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால், நோய் வந்த பிறகு சேரலாம் என்று ஆரோக்கியமானவர்கள் வெளியே நிற்பார்கள், உள்ளே நோயாளிகளே மிஞ்சுவார்கள், பிரீமியம் ஏறும், ஏற ஏற இன்னும் பலர் விலகுவார்கள். இதற்கு என்ன வழி என்று பொறுமையாகக் கேளுங்கள். தாராள மானியம், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் சேர்க்கை என்று சொன்னால் அது நியாயமான பதில்தான், ஏனென்றால் அபராதம் போன பிறகும் காப்பீட்டுச் சந்தை கவிழவில்லை.

கட்டாயத்தை ஆதரிப்பவரா? சரி, பிரீமியம் கட்டவே வழியில்லாதவருக்கு என்ன செய்வீர்கள் என்று அவரிடமும் கேளுங்கள். மானியம் தராமல் அபராதம் மட்டும் போடுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.