கடினமான ஆங்கிலச் சொற்கள்: குளத்துக்கரையிலிருந்து தொடங்குங்கள்

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். அப்படி உருப்போட்டது கேள்வித்தாளில் அடையாளம் தெரியும், பேசும்போது வாயில் வராது. எந்தச் சொல்லோடு சேரும் என்பது பட்டியலில் இல்லையே.

அதனால், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிய ஆங்கிலச் செய்தியை எடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளச் செய்திகள் நெல்லைக்காரர்களுக்கு அருமையான பாடம். தாமிரபரணி ஊருக்குள் புகுந்து மூழ்கடித்ததற்கு 'இனன்டேட்', குளத்துக்கரை உடைந்ததற்கு 'பிரீச்', மழை தணிந்ததற்கு 'அபேட்', வெள்ளம் வடிந்ததற்கு 'ரிசீட்'. முதல் பொருள் கண்ணால் பார்த்தது என்பதால் அடுத்த பொருளும் சுலபமாகப் பிடிபடும்: அழைப்புகள் வந்து குவிந்தால் 'இனன்டேட்டட் வித் கால்ஸ்', ஒப்பந்தத்தை மீறினால் 'பிரீச் ஆஃப் கான்ட்ராக்ட்'. ஆபத்து விலகினாலும் 'ரிசீட்'தான்.

வேரையும் பாருங்கள். லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. 'இனன்டேட்', 'அபண்டன்ட்', 'ரிடண்டன்ட்' மூன்றும் அதிலிருந்து வந்தவை. மூன்றிலும் நிரம்பி வழிவது இருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள்; செய்தியில் வந்த வாக்கியத்தை எழுதி, சொல் இருந்த இடத்தை வெறும் கோடாக விடுங்கள். பின்பக்கம் சொல், கூட வரும் 'வித்', 'ஆஃப்' போன்றவை, அழுத்தம் விழும் அசை. அகராதியின் ஒலிக்குறிப்பில் சிறு நிமிர்கோடு எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ அங்கே அழுத்தம்: 'இனன்டேட்'டில் முதல் அசை, 'ரிசீட்'டில் இரண்டாவது. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்க வேண்டாம். வடிவதற்கான ஆங்கிலச் சொல்லும் பணம் கட்டிய ரசீதுக்கான ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் 'ரிசீட்' என்று ஒன்றாகிவிடும். வடிவதன் கடைசி ஒலி 'நாடு' என்பதில் வரும் மெல்லிய 'ட', ரசீதினுடையது 'பட்டு' என்பதில் வரும் வல்லின 'ட்'.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். வடிதல் வேறு, வடித்தல் வேறு. தண்ணீரைப் பொறுத்தவரை 'ரிசீட்' தானாக வடிவதற்கு மட்டும். நாம் வடித்து விட்டால் 'டிரெயின்'. தமிழ்ப் பொருளை மட்டும் படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

திரும்பப் பார்க்க ஐந்து அறைப் பெட்டி போதும்: அறைகளுக்கு முறையே 1, 3, 7, 15, 30 நாள் இடைவெளி. சரியாகச் சொன்னால் அடுத்த அறை, தவறினால் மறுபடி முதல் அறை. நாளைக்கு 5 புதுச் சொல்தான். ஒவ்வொன்றும் ஐந்து முறை திரும்பி வருவதால், இரண்டு மாதத்தில் தினமும் 25 அட்டை வரை பார்க்க வேண்டியிருக்கும், தவறியவை தனி. ஆசைப்பட்டு 15 சேர்த்தால் அது 75 வரை ஆகும். பெட்டி மூலைக்குப் போவது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் வேண்டாம். அந்த வாரச் சொற்களில் ஆறை வைத்து ஒரு பத்தி எழுதுங்கள், பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பற்றியென்றாலும் சரி. எழுதியதும், எந்தச் சொல்லோடு எது சேர்கிறது என்பதை ஆங்கில அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.