கெட்டிஸ்பர்க்: முதலில் வயல், பிறகுதான் அருங்காட்சியகம்

பால்டிமோர் பக்கம் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு அழைத்துப்போவது என் தலையில் விழுந்துவிட்டது. இதுவரை ஐந்து முறை போயாயிற்று. முதல் முறை வீண். அருங்காட்சியகத்தில் துப்பாக்கி, சீருடை, முரசு என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்து முடிப்பதற்குள் மணி இரண்டாகி, அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. களத்தைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

எனவே வெயில் ஏறும் முன்பே களத்துக்குப் போய்விடுங்கள். போர்க்களப் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. டிக்கெட் அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான். செமினரி ரிட்ஜ் என்ற மேட்டில், தென்மாநிலப் படைத்தலைவர் ஜெனரல் லீ குதிரைமேல் அமர்ந்திருக்கும் வர்ஜீனியா நினைவுச்சின்னத்தின் அருகே இறங்கிக்கொள்ளுங்கள். 1863 ஜூலை 3 பிற்பகல், தென்மாநிலப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர் இங்கிருந்துதான் எதிரே தெரியும் மரக்கூட்டத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஒரு மைல் தூரம் திறந்த வயல். நின்று பார்த்தால் தட்டையாகத் தெரியும் அந்த நிலம், நடக்கும்போது ஏமாற்றும். பள்ளத்தில் இறங்கினால், வடமாநிலப் படை காத்து நின்ற எதிரிலுள்ள கல்சுவர் மறைந்துவிடும். மேடேறினால் சட்டென்று பக்கத்தில் வந்து நிற்கும். எமிட்ஸ்பர்க் சாலையின் வேலியருகே கொஞ்சம் நில்லுங்கள். குண்டுமழையில் அவர்கள் ஏறித் தாண்ட வேண்டியிருந்த இடம் அது. புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தோ காயம்பட்டோ பிடிபட்டோ போனார்கள்.

மெதுவாக நடந்தால் அரை மணி நேரம் ஆகும். வழியில் நிழலே இல்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். புல்லில் உண்ணி இருக்கும், ஆகவே காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், அழகு பார்க்க வேண்டாம். நடக்க முடியாதவர்களோடு ஒருவர் காரை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வந்து காத்திருக்கலாம். பூங்காச் சாலைகள் பல ஒருவழி என்பதால் வரைபடத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நினைவுச்சின்னங்கள் 1,300-க்கும் மேல். எல்லாவற்றையும் படிக்கப் புகுந்தால் பைத்தியம் பிடித்துவிடும். சில அடையாளங்கள் தெரிந்தால் போதும். படைப்பிரிவுகளின் செய்திப் பலகைக்குச் சதுர பீடம் இருந்தால் வடக்கத்தியப் படை, வட்ட பீடம் என்றால் தெற்கத்தியப் படை. பீரங்கிக் குழல் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தால் அங்கே ஒரு தளபதியின் தலைமையிடம் இருந்தது. ரெஜிமென்ட் சின்னங்களின் இருபுறமும் புல்லுக்குள் சிறிய கற்களைத் தேடுங்கள். அந்த அணி எங்கிருந்து எங்குவரை நின்றது என்பதற்கான எல்லைக்கற்கள் அவை. இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ‘எப்போது வீட்டுக்குப் போவோம்’ என்று கேட்கமாட்டார்கள். பீரங்கிமேல் ஏறி உட்காராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு பரவாயில்லை என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை முன்பதிவு செய்யலாம். நம் காரையே அவர் ஓட்டிக்கொண்டு விளக்குவார். பெரியவர்களுக்கு இதுதான் வசதி.

கட்டுச்சோற்றை முடித்துவிட்டு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது அருங்காட்சியகம். அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது சைக்ளோரமா: பால் பிலிப்போத்தோ என்ற பிரெஞ்சு ஓவியரின் தலைமையில் 1884-இல் முடிக்கப்பட்ட, 377 அடி நீள வட்ட ஓவியம். நடுவில் நாம் நிற்க, சுற்றிலும் போர். வரைந்திருப்பது காலையில் நாம் நடந்த அதே தாக்குதலைத்தான், கல்சுவரின் பக்கமிருந்து பார்த்தபடி. நடக்காமல் வந்தால் அது புகையும் குதிரையும்தான். சென்ற கோடையில் என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, “நான் தண்ணீர் குடித்த இடம் அதோ” என்று உரக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தார்.

கடைசியாக, பொழுது சாயும் முன் வீரர்களின் கல்லறைத் தோட்டம். 1863 நவம்பர் 19 அன்று லிங்கன் உரையாற்றியது இதன் திறப்பு விழாவில்தான். ஏறத்தாழ 270 சொற்கள். பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு பெயர் தெரியாதவர்களின் வரிசைகளுக்குப் போங்கள். மண்ணோடு மண்ணாகப் பதித்த சிறிய சதுரக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் மட்டும். குனிந்தால்தான் தெரியும்.