கட்டடத்துக்குள் டெக்ட் பேஸ் ஸ்டேஷன் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை மருத்துவமனைகளிலும் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்சாலைகளிலும் குற்றாலத்து விடுதிகளிலும் டெக்ட் (DECT) எனும் கார்ட்லெஸ் போன் முறையை அமைக்கும் வேலைக்கு இப்போது புதிய இளைஞர்கள் வருகிறார்கள். நல்ல உழைப்பாளிகள்தான், ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஹேண்ட்செட்டுகளோடு ரேடியோ அலையில் பேசும் கருவிதான் பேஸ் ஸ்டேஷன். இரும்பு பீரோவுக்குப் பின்னால் அதை மாட்டக் கூடாது, லிஃப்ட் குழிக்கு அந்தப் பக்கம் சிக்னல் தேயும் என்பவையெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வட்டங்கள் தொட்டால் போதும் என்று நினைப்பது

அதிகப் பணத்தைத் தின்னும் தவறு இதுதான். இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். கட்டட வரைபடத்தை விரித்து, ஒரு பேஸ் ஸ்டேஷன் 25 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொண்டு, காம்பஸால் வட்டங்கள் வரைந்து, ஒன்றின் விளிம்பு மற்றொன்றைத் தொட்டதும் திட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஹேண்ட்செட் பெரும்பாலும் ஏதோ ஒரு வட்டத்துக்குள் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஹேண்ட்செட்டை எட்ட 25 மீட்டர் போதும்; அடுத்த பேஸ் ஸ்டேஷனை எட்ட 50 மீட்டர் போயாக வேண்டும். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியிலேயே 6 டெசிபல் குறையும். கட்டடத்துக்குள் குறுக்கே நிற்கும் சுவர்களும் கூடிவிடும்.

பேஸ் ஸ்டேஷன்கள் ஒன்றையொன்று கேட்டாக வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. டெக்ட் முறையில் 10 மில்லிசெகண்ட் நீளமுள்ள, திரும்பத் திரும்ப வரும் ஒரு ஃபிரேம், போக 12, வர 12 என 24 ஸ்லாட்டுகளாக, அதாவது சிறு நேரத் துண்டுகளாக, பிரிக்கப்பட்டுள்ளது. நடந்தபடியே பேசுபவரின் அழைப்பு அறுபடாமல் ஒரு பேஸ் ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்கு மாற, இரண்டின் ஃபிரேமும் ஒன்றோடொன்று இசைந்து ஓட வேண்டும். இந்த இசைவைத்தான் சிங்க் (sync) என்கிறோம். அதைப் பல அமைப்புகளில் கருவிகள் ரேடியோ அலை வழியாகவே, ஒன்றைக் கேட்டு ஒன்றாகப் பெறுகின்றன. கேட்க முடியாத கருவி தனித்தீவாகிவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவியவர்கள் ஒவ்வொரு வார்டிலும் நின்று பேசிப் பார்த்து, எங்கும் தெளிவாகக் கேட்கிறது என்று கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். பிறகு இரவுப் பணிச் செவிலியர்களிடமிருந்து மட்டும் புகார் வந்துகொண்டே இருந்தது: ஐசியுவிலிருந்து டாக்டரிடம் பேசிக்கொண்டே லேப் பக்கம் நடந்தால் லைன் அறுந்துவிடும். பகலில் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. நான் போய் கருவிகள் தாமே எழுதிவைக்கும் பதிவை (லாக்) பார்த்தபோது, ஒரே ஒரு பேஸ் ஸ்டேஷன் இரவில் சிங்கை இழப்பதும் விடிந்தபின் மீள்வதும் தெரிந்தது. அந்த வராந்தாவின் நடுவே இரும்புத் தீத்தடுப்புக் கதவு ஒன்று இருந்தது. பகலெல்லாம் அதற்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். இரவுக் காவலர் வந்ததும் கட்டையை எடுத்துக் கதவைச் சாத்துவார். ஏற்கெனவே விளிம்பில் இருந்த சிக்னல் அதோடு போய்விடும். நடுவில் இன்னொரு கருவி வைப்பதற்காக, முடிந்துபோன ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து, கேபிள் இழுத்து, மறுபடி மூடிய செலவு அந்தக் கருவியின் விலையையே தாண்டியது. நோயாளியின் நிலையைச் சொல்லும்போதே அறுந்த அழைப்புகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆகவே, கையேட்டில் ஹேண்ட்செட்டுக்கான சிக்னல் அளவையும் சிங்குக்கான அளவையும் தனித்தனியே பாருங்கள். முதலில் பேஸ் ஸ்டேஷன்கள் ஒன்றையொன்று கேட்கும்படி இடம் குறித்துவிட்டு, அதன்பின் ஹேண்ட்செட்டுக்கு எட்டாத மூலைகளைத் தேடுங்கள். ஒவ்வொரு கருவியும் குறைந்தது இரண்டைக் கேட்டால், ஒன்று பழுதானாலும் சங்கிலி அறாது. சிங்குக்குத் தலைமையான கருவியை, கேபிள் மிச்சமாகும் என்று சர்வர் அறை மூலையில் மாட்டாமல் கட்டடத்தின் நடுப்பகுதியில் வையுங்கள். எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு அளந்து பாருங்கள். நின்று பேசாமல் நடந்து பேசிச் சோதியுங்கள். லேன், அதாவது கட்டடத்தின் நெட்வொர்க் கேபிள், வழியாக சிங்க் தரும் அமைப்புகளும் உண்டு, ஆனால் அங்கிருக்கும் ஸ்விட்ச்சுகள் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காலிக் கிடங்கில் அளப்பது

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளில் பிசானப் பருவ நெல் அறுவடைக்கு முன் அளந்தால், ஒரே கருவி கிடங்கின் கோடி வரை எட்டுவதாகத் தெரியும். அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் கூரையை நெருங்க அடுக்கப்பட்டதும், தானியத்திலுள்ள ஈரம் அலையை உறிஞ்சிவிடும். சரக்கு நிறைந்திருக்கும் காலத்தில் அளப்பதே முறை. அது இயலாவிட்டால், மூட்டை அடுக்குகளுக்கு இடையே ஆட்கள் நடக்கும் சந்துகளை நேராகப் பார்க்கும்படி கருவிகளை வைக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிப்பது

அங்கே ஏசி டக்டின் தகரம் இருக்கிறது. வேண்டாம்.

பரப்பை மட்டும் பார்ப்பது

பல பேஸ் ஸ்டேஷன்கள் ஒரே நேரத்தில் 12 அழைப்புகளைக்கூடத் தாங்குவதில்லை. ஷிஃப்ட் மாறும் வேளையில் செவிலியர் நிலையத்தருகே எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதை நேரில் நின்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

யுபிஎஸ்

சர்வருக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு தளத்திலும் பேஸ் ஸ்டேஷனுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ (PoE) ஸ்விட்ச்சுக்கும் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும், கருவிகள் எழுந்து வரிசையாக சிங்க் பிடித்து முடிக்கும்வரை அந்தத் தளத்தில் யாராலும் பேச முடியாது.