ஊருக்குப் போன எடத்துல மாமாவோட ஓடுறது எப்படி?

நான் கோயம்புத்தூர். 10 கிலோமீட்டர் ரேஸுக்கு ட்ரெய்னிங்ல இருந்தப்ப மே மாசம் ஒரு வாரம் சென்னை திருவொற்றியூர்ல மாமா வீட்ல தங்க வேண்டியதா போச்சு, ஷூவைப் பாத்ததுமே மாமா "இன்னாடா மாப்ள, காலைல ஓடப் போறியா, நானும் வரேன்"னு கெளம்பிட்டார். அவருக்கு 52 வயசு, கடைசியா ஓடுனது பஸ்ஸப் பிடிக்கத்தானாம். புதுசா ஓடுற சொந்தக்காரங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்காக இத எழுதுறேன்.

ஸ்டெப் 1: மொதல்ல உடம்பக் கேளுங்க. பிபி, சுகர் மாத்திரை போடுறாங்களா, முட்டி வலி இருக்கா, மாடி ஏறுனா நெஞ்சு அடைக்குதா. இதுல எதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஓடட்டும், அதுவரைக்கும் நடந்தா போதும். மாமாவுக்கு ஒண்ணும் இல்ல, தொப்பையத் தவிர.

ஸ்டெப் 2: ரூட்ட முந்தின நாள் சாயங்காலமே நடந்து பாத்துடுங்க. கடல் பக்கத்துலயே இருக்கேன்னு நான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லதான் ஓடலாம்னு இருந்தேன், மாமா கூட்டிட்டுப் போய்க் காட்டுனார், வரிசையா கன்டெய்னர் லாரி, புழுதி, அந்தப் பக்கம் மணல் கம்மி, அலை அரிக்காம இருக்க கொட்டுன பாறைதான் அதிகம். காசிமேடு பக்கம் போனா மீன் வண்டியில இருந்து ஐஸ் தண்ணி ரோட்ல ஒழுகிட்டே போகும், அதுல கால் வெச்சா வழுக்கும், ஞாயித்துக்கெழமைன்னா மீன் வாங்குற கூட்டத்துல நடக்கவே முடியாது. கடைசில மெட்ரோ பாலத்துக்குக் கீழ காலடிப்பேட்டைல இருந்து தேரடி பக்கமா போய்ட்டு வர்றதுன்னு முடிவாச்சு, தெரு நாய் எங்க இருக்கும்னு மாமாவுக்குத் தெரியும்ல. (காலடிப்பேட்டைன்னா ஓடுறதுக்கு ராசியான பேருன்னு நெனச்சேன். 1717ல இருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலட் நெசவாளிங்களுக்காக உண்டாக்குன பேட்டையாம், காலட் பேட்டைதான் வாய்ல தேஞ்சு காலடி ஆயிருக்கு.)

ஸ்டெப் 3: 5 மணிக்கே எறங்கிடுங்க. மே மாசம் 5:45க்கெல்லாம் வெயில் எட்டிப் பாத்துடும்.

ஸ்டெப் 4: இதுதான் முக்கியம், நான் கோட்டை விட்டதும் இங்கதான். உங்க ஊர் வேகத்த ஊர்லயே வெச்சுட்டு வாங்க. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் ரோட்ல ஒரு கிலோமீட்டர் ஆறரை நிமிஷம்னு சாதாரணமா ஓடுற ஆள் நான், அதே வேகத்துல போனேன், ரெண்டாவது கிலோமீட்டர்லயே பனியன் பிழியுற அளவுக்கு நனைஞ்சு தலை சுத்தி ஒரு கடை வாசப்படில உக்காந்துட்டேன். கடலோரக் காத்துல ஈரம் அதிகம், வேர்வை காயாது, காஞ்சாத்தான உடம்பு குளிரும்? ஹார்ட் ரேட் ஏறிட்டே போகும். பின்னாடி நிதானமா வந்த மாமா "ஓட வந்தியா, வாட்ச் பாக்க வந்தியா"ன்னார். அதுக்கப்புறம் வாட்ச கழட்டி பாக்கெட்ல போட்டுட்டேன்.

ஸ்டெப் 5: 5 நிமிஷம் வேகமா நடங்க. அப்புறம் 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, இப்படி 7 தடவ. கடைசில 5 நிமிஷம் மெதுவா நடை. மொத்தம் அரை மணி சொச்சம்தான். வேகம் சரியான்னு பாக்க பேச்சு குடுங்க, முழு வாக்கியமா பதில் வந்தா சரி, "ம்... ம்..."னு வந்தா கொறைங்க. மாமாவுக்கு இந்த டெஸ்ட்டே தேவைப்படல, டீக்கடைக்கு ஒருத்தர்னு தெரிஞ்சவங்க, எல்லார்கிட்டயும் நின்னு "அக்கா பையன், கோயம்புத்தூரு"ன்னு சொல்லிட்டுத்தான் வருவார். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு, அப்புறம் அதையே அவரோட 2 நிமிஷ நடையா கணக்கு வெச்சுக்கிட்டேன்.

ஸ்டெப் 6: அடுத்த நாள் ரெஸ்ட். கெண்டக்கால் பிடிச்சிருக்கும், நடக்கலாம், ஓட வேணாம். உங்க ட்ரெய்னிங் பாக்கி இருந்தா அவங்கள வீட்ல விட்டுட்டு தனியா போய் ஓடிக்குங்க, அவங்கள இழுத்துட்டுப் போகாதீங்க.

ஸ்டெப் 7: வந்ததும் டீ வேணாம், மொதல்ல தண்ணி, இல்ல உப்பு போட்ட மோர். ஷூவ ஈரத்தோட பையில திணிக்காதீங்க, உள்ள நியூஸ்பேப்பர் கசக்கி வெச்சு ஃபேன் காத்துல விடுங்க, சாயங்காலத்துக்குள்ள முக்கால்வாசி காஞ்சுடும். பழைய பேப்பரான்னு மட்டும் பாத்துக்குங்க, நான் மாமா இன்னும் படிக்காத அன்னிக்குப் பேப்பர கசக்கிட்டேன்.