கொலுசுக் கடையின் தளமும் காலாவதியான சான்றிதழும்

செவ்வாய்ப்பேட்டையில் பெரியப்பா நடத்தும் வெள்ளிக் கொலுசுக் கடையின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்பு வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார்.

"தம்பி, உங்கள் தளத்தைத் திறந்தால் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. பணம் கட்டலாமா?"

"வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். சரிசெய்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்."

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் முந்தைய நாள் இரவே காலாவதியாகியிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரலும் தளம் இயங்கும் கணினியான சர்வரில் இருந்தது. பிறகு ஏன் தவறியது? பதிவுக் கோப்பைப் படித்ததும் விளங்கியது. பாதுகாப்பு என்று எண்ணி, சர்வருக்கு வருவோரை வடிகட்டும் ஃபயர்வாலில் 80-ஆம் போர்ட்டை, அதாவது சாதாரண இணைய இணைப்புகள் வரும் வாசலை, நானே மூடியிருந்தேன். தளம் நம்முடையதுதானா என்று சோதிக்க, அந்த வழியாக வந்துதான் லெட்ஸ் என்கிரிப்ட்காரர்கள் ஒரு சிறு கோப்பைத் தேடுவார்கள். கதவு சாத்தியிருந்ததால் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

போர்ட்டைத் திறந்தேன். முதலில் ஒத்திகை ஓட்டம், பிறகு உண்மையான புதுப்பிப்பு. பக்கங்களை வாடிக்கையாளருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் நிரலை மறுபடி ஏற்றிய பிறகுதான் புதிய தேதி தெரிந்தது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; புதிய சான்றிதழ் சேமிப்பு வட்டில் இருந்தாலும் சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளர் தட்டும் முகவரியும் கடவுச்சொல்லும் வழியில் யார் கண்ணிலும் படாமல் வருவது இந்தச் சான்றிதழால்தான். வெள்ளியின் தரத்துக்கு அது ஹால்மார்க் ஆகாது. அந்தப் பொறுப்பு பெரியப்பாவுடையது.

லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நினைவூட்டல் மின்னஞ்சலை நிறுத்திவிட்டதால், காலாவதிக்கு 20 நாள் முன்பே என் கைபேசிக்குச் செய்தி வரும்படி அமைத்திருக்கிறேன். தளம் சரியானதை அன்று மாலையே அந்த அம்மாவை அழைத்துச் சொன்னேன்.