எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன்னால் பிரிண்ட் சைஸைச் சொல்லுங்கள்

ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் கவுண்டர் என்னுடையது. "அண்ணே, இது 50 மெகாபிக்சல் போன், எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடலாம்ல?" என்று கேட்காத ஆள் இல்லை. அதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

படத்தைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். 4000 x 3000 என்று இருக்கிறதா? பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், அதாவது 12 மெகாபிக்சல். இரண்டு எண்களையும் 300ஆல் வகுங்கள், அதாவது பிரிண்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி. 13 x 10 அங்குலம் வரை, கையில் வைத்துப் பார்த்தாலும் பிசிறில்லாத பிரிண்ட் வரும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதென்றால் 150ஆல் வகுத்தாலே போதும். 4 x 6 பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் சொச்சம்தான் தேவை. ஃபிளெக்ஸ் பேனருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அதை யார் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள்?

50 மெகாபிக்சல் போனில் எடுத்த படமும் பெரும்பாலும் 12 என்றுதான் காட்டும். சென்சாரில், அதாவது ஒளியைப் பதிவு செய்யும் சில்லில், நாலு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. இருட்டில் நாய்ஸ், அதாவது படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் பிசிறு, குறைய அது நல்லதுதான். முழு 50ஐயும் நல்ல வெயிலில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

கணக்கு உதைக்கிற இடம் கிராப், அதாவது படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. "தாத்தா தவறிட்டாரு, இந்தக் கல்யாண குரூப் போட்டோவுல அவரை மட்டும் எடுத்து 12 x 18 ஃபிரேம் போட்டுக் குடுங்க" என்று வருவார்கள். படம் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்ததுதான், 6000 x 4000. ஆனால் மேடையில் இருபது பேர். தலையிலிருந்து மார்பு வரை வெட்டினால் தாத்தாவின் பங்குக்கு 600 x 900 தேறும். அதை 12 x 18க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளி. மீசை வெறும் கறுப்புப் பட்டையாகிவிடும். 4 x 6 என்றால் 150 வரும், பார்க்க முடியும். மென்பொருளை விட்டுப் பெரிதாக்கலாம்தான். அது இல்லாத சுருக்கங்களை ஊகித்து வரையும். பாட்டி பார்த்துவிட்டு, "இது அவரு மாதிரியே இல்லையே" என்பார்.

அதனால் வீட்டுப் பெரியவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்து, போனை நெட்டாகப் பிடித்து, தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள். லென்ஸை முதலில் துடையுங்கள். விரலால் இழுத்து ஜூம் செய்வதும் பல நேரம் கிராப்தான், அதைவிட ரெண்டு எட்டு முன்னால் போங்கள். ரொம்ப நெருங்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும், நாலைந்து அடி விட்டு நில்லுங்கள். எடுத்ததும் படத்தில் கண் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இமைமுடி கலங்கலாக இருந்தால் கை ஆடியிருக்கிறது, இல்லை ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பிரயோஜனமில்லை, உடனே இன்னொன்று எடுங்கள். அப்புறம், எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

புதுக் கேமரா வாங்கப் போகிறீர்களா? 2007இல் வந்த நிக்கான் டி3 தொழில்முறைக் கேமரா, அதில் 12 மெகாபிக்சல்தான். 12 போய் 24 ஆனாலும் படத்தின் நீளமும் அகலமும் 1.4 மடங்குதான் கூடும். 24 இருந்தால் வீட்டு விசேஷம், ஆல்பம் எல்லாம் தாங்கும். மிச்சப் பணத்தில், வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். மண்டப வெளிச்சத்தில் கைகொடுப்பது அதுதான்.